நைலான் தூளைத் திரும்பப் பாவிக்கும்போது வரும் பழுதுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

லேசரால் நைலான் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் மெசின்களுக்கு வரும் பழுது அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "அண்ணை, லேசர் இறங்கிப்போச்சு போல கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தால் லேசர் நன்றாக இருக்கும். பழுது தூள் வாளிக்குள் இருக்கும்.

கிளிநொச்சியோ, வவுனியாவோ, முல்லைத்தீவோ, வன்னியில் எங்கே மெசின் வைத்திருந்தாலும் புதுத் தூள் வெளிநாட்டிலிருந்து கொழும்பு வழியாகத்தான் வரவேண்டும். விலை டொலரோடு ஏறும், வந்து சேரும் நாள் நிச்சயமில்லை. ஆகவே மிஞ்சிய தூளை மறுபடி போடாமல் இங்கே தொழில் நடத்த ஏலாது. அப்படிப் போடுவதில் பிழையும் இல்லை. ஒரு பிரின்ட்டில் உருகாமல் மிஞ்சும் தூளே அதிகம், அதைத் திரும்பப் பாவிக்கும்படிதான் இந்த முறையே அமைந்திருக்கிறது. எத்தனை தடவை சூடு கண்ட தூள் என்று தெரியாமல் போடும்போதுதான் எல்லாச் சிக்கலும் வருகிறது.

கீழே உள்ள எல்லாம் நைலான் 12 தூளுக்கானவை. நைலான் 11, டிபியு (றப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) போன்றவற்றுக்கு அறிகுறிகள் ஓரளவு பொருந்தும், எண்கள் பொருந்தாது.

## மெசினைத் திறக்க முன்

பழுது எதுவானாலும் முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். புதுத் தூளும் பழைய தூளும் என்ன விகிதத்தில் கலந்தன? அந்தப் பழைய தூள் கேக்கிலிருந்து (பிரின்ட் முடிந்ததும் பொருட்களைச் சுற்றி இறுகிக் கிடக்கும் தூளிலிருந்து) வந்ததா, ரோலர் தள்ளிவிட்டு வழிந்த தொட்டியிலிருந்து வந்ததா? அரிதட்டின் வலையைக் கடைசியாக எப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்? போன பிரின்ட்டின்போது கரண்ட் போனதா?

பதில் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். சோதனைத் துண்டு ஒன்றைப் புதுத் தூளில் மட்டும் அடியுங்கள். என்னிடம் எப்போதும் ஒரே கோப்பு இருக்கும்: 80 மில்லிமீற்றர் நீளம், 10 அகலம், 4 தடிப்புள்ள ஒரு சட்டம், 1 மில்லிமீற்றர் தடிப்பில் நிற்கும் ஒரு மெல்லிய சுவர், 20 மில்லிமீற்றர் கனசதுரம் ஒன்று. சட்டத்தைப் படுக்க வைத்தால் உயரம் குறைவு, தூளும் அதிகம் போகாது.

புதுத் தூளில் துண்டு நன்றாக வந்தால்: பழுது தூளில். மெசினில் கை வைக்க வேண்டாம்.

புதுத் தூளிலும் அதே பழுது வந்தால்: பழுது மெசினில். அப்போது புதுத் தூளின் விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போவது பணத்தைக் கரைக்கும் வேலை.

இந்த ஒரு சோதனையைச் செய்தவர்களுக்குப் பாதி அழைப்பு மிச்சம்.

## அறிகுறி 1: மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக இருக்கிறது

மிஞ்சிய தூள் பாவிப்பவர்களுக்கு அதிகம் வரும் பழுது இதுதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நைலான் 12 தூள் ஏறத்தாழ 170 பாகை செல்சியசில் மணிக்கணக்காக உருகாமல் காத்துக் கிடக்கிறது. அந்த நேரத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளுகின்றன. நீண்ட சங்கிலி உருகினாலும் எளிதில் ஓடாது, பக்கத்துத் துகளோடு சமமாகக் கலக்காது. கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பு அதுதான்.

### எல்லாப் பொருளிலும் ஒரே அளவாக இருக்கிறதா?

அப்படியானால் கலப்பே கிழடு. முதலில் விகிதத்தை எடையால் போட்டீர்களா, வாளியால் அளந்தீர்களா என்று பாருங்கள். அரித்து வைத்த பழைய தூளும் பையிலிருந்து வந்த புதுத் தூளும் ஒரே வாளியில் ஒரே எடை நிற்காது. "ரெண்டு வாளிக்கு ஒரு வாளி" என்பது விகிதமே இல்லை. தராசு வாங்குங்கள்.

எவ்வளவு புதுத் தூள் வேண்டும் என்பது தூளையும் மெசினையும் பொறுத்தது. ஃபோர்ம்லாப்ஸ் கொம்பனி தன் ஃபியூஸ் மெசின்களின் நைலான் 12 தூளுக்கு 30 சதவீதம் புதுத் தூள் போதும் என்கிறது. ஈஓஎஸ் கொம்பனியின் நைலான் 12 தூளான பிஏ 2200 பாவிப்பவர்கள் பாதிக்குப் பாதி கலப்பது நெடுநாள் வழக்கம். ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் மெசினுக்கு எடுத்துப் போடாதீர்கள். பையில் எழுதியிருப்பதில் தொடங்குங்கள், அதற்குக் கீழே போவதென்றால் சோதனைத் துண்டு சரி சொன்ன பிறகு போங்கள்.

### சில இடங்களில் மட்டும், திட்டுத்திட்டாக இருக்கிறதா?

அப்போது விகிதம் சரியாக இருக்கலாம், கலவைதான் சரியில்லை. வாளிக்குள் கையை விட்டுக் கிளறுவது கலப்பதாகாது. மூடியுள்ள உலோகப் பீப்பாயைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், எர்த் கொடுத்து, நன்றாக உருட்டுங்கள். அப்புறம் ஒரு தடவை அரியுங்கள். மறுபடி அதே இடத்தில், அதே மூலையில் மட்டும் வந்தால் அது தூள் இல்லை. பெட்டின், அதாவது தூள் விரிந்து கிடக்கும் தளத்தின், அந்த மூலை சூடாகவோ குளிராகவோ இருக்கிறது. அறிகுறி 5ஐப் பாருங்கள்.

### நீண்ட நேரம் ஓடிய பிரின்ட்டுக்குப் பிறகு தொடங்கியதா?

உயரமான பிரின்ட்டில் அடியில் கிடந்த தூள் மிக நீண்ட நேரம் சூட்டில் இருந்திருக்கும். குள்ளமான ஒரு பிரின்ட்டின் மிச்சமும் தொட்டி நிறைய ஓடிய பிரின்ட்டின் மிச்சமும் "ஒரு தடவை பாவித்தது" என்று ஒரே வாளிக்குள் போனால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. வழிந்த தொட்டித் தூள், கேக்கின் ஓரத் தூள், பொருளைச் சுற்றி இறுகியிருந்த தூள் என்று குறைந்தது மூன்று வாளி வையுங்கள். பொருளோடு ஒட்டிக் கட்டியாகக் கிடப்பதை இடித்து அரித்து வாளிக்குள் சேர்க்காதீர்கள். அதிகம் கெட்ட தூள் அதுதான்.

### கருவி இல்லாமல் தூளின் வயதைப் பார்ப்பது

தூளின் ஓட்டத்தை அளக்க முறையான சோதனை ஒன்று உண்டு. 235 பாகையில் உருக்கி, 2.16 கிலோ எடை வைத்து, சிறு துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று பார்ப்பார்கள். புதுத் தூளின் எண்ணில் ஏறத்தாழப் பாதிக்குக் கலப்பு இறங்கிவிட்டால் ஆரஞ்சுத் தோல் வாசலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வார்க்கும் ஆலைகளிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் அந்தக் கருவி இருக்கும். தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அது கிடைக்காத நாட்களுக்கு நான் செய்வது இது. வெப்பம் குறித்து வைக்கக்கூடிய ஒரு சிறிய மின் அவன், இனிமேல் சாப்பாட்டுக்குப் பாவிக்காதது. அலுமினியத் தாளில் மூன்று குவியல்: ஒரு தேக்கரண்டி மட்டமாகப் புதுத் தூள், அதே அளவு கலப்பு, அதே அளவு பழையது. 200 பாகையில் 10 நிமிடம், யன்னல்கள் திறந்த அறையில். வெளியே எடுத்தால் புதுத் தூள் பரந்து பளபளத்து ஒரு நாணயம் போலக் கிடக்கும், ஊடே வெளிச்சம் தெரியும். நல்ல கலப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், விளிம்பு மட்டும் கொஞ்சம் தடிக்கும். கிழண்டு போன தூள் குவிந்தபடியே நிற்கும், மேலே மணல் மாதிரிப் பருக்கை தெரியும், விரலால் தடவினால் சொரசொரக்கும். இது அளவீடு இல்லை, ஒப்பீடுதான். ஆனாலும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் மிஞ்சாது.

கலப்பு புதுத் தூளுக்குக் கிட்ட இருந்தால்: புதுத் தூளின் விகிதத்தை 10 சதவீதம் கூட்டி ஒரு சோதனைத் துண்டு அடியுங்கள்.

கலப்பு பழையதுக்குக் கிட்ட இருந்தால்: அந்த வாளியை ஒதுக்குங்கள். பத்துக் கிலோ கெட்ட தூளைக் காப்பாற்ற மூன்று கிலோ நல்ல தூளைப் போட்டால் பதின்மூன்று கிலோவும் கெடும். இந்த இடத்தில் எல்லாருக்கும் மனம் கேட்காது, எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒதுக்குங்கள்.

### மிஞ்சுவதைக் குறைக்கும் கணக்கு

பழைய தூள் குவிவதற்குப் பெரிய காரணம், பொருள் உருவாகும் தொட்டியைப் பொருள் குறைவாக வைத்து ஓட்டுவது. 10 லீற்றர் தொட்டி ஒன்றை எடுங்கள். தூள் லீற்றருக்கு ஏறத்தாழ 0.45 கிலோ, உருகி இறுகிய பொருள் ஏறத்தாழ 0.93 கிலோ. தொட்டியில் 10 சதவீதம் மட்டும் பொருள் என்றால் மொத்தம் 5 கிலோ தூள் போகும், அதில் பொருளாவது 0.9 கிலோ, மிஞ்சுவது 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடுத்த பிரின்ட்டுக்கு 30 சதவீதம் புதுத் தூள் போட்டால் பழையதில் 3.5 கிலோதான் உள்ளே போகும். அரைக் கிலோவுக்கு மேல் ஒவ்வொரு தடவையும் மூலையில் குவியும்.

அதே தொட்டியை 17 சதவீதம் அளவுக்கு நிரப்பி அடுக்கினால் மிஞ்சுவதும் அடுத்ததுக்குத் தேவைப்படுவதும் சமமாகிவிடும். கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீட மாணவர்களின் சின்னச் சின்ன மாதிரிகள், லான்ட் மாஸ்டர் மூடிகள், அரிசி ஆலைக்காரர் கேட்கும் புஷ் வகைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவசரப்பட்டு ஓட்டாமல் இரண்டு நாள் சேர்த்து ஓட்டுங்கள். தூளைப் புதுப்பிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

## அறிகுறி 2: பொருள் மஞ்சளாக அல்லது பழுப்பாக வருகிறது

முதலில் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டுங்கள்.

தோல் மட்டும் மஞ்சள், உள்ளே வெள்ளை: கேக்கைச் சூட்டோடு திறந்திருக்கிறீர்கள். ஓடிய நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரமாவது மூடியபடி ஆறவிடுங்கள். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார் என்று திறந்தால் நிறமும் போகும், வடிவமும் வளையும், சுற்றியிருக்கும் தூளும் ஒட்சிசன் பட்டுக் கெடும்.

உள்ளேயும் மஞ்சள்: தூள் மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளைக் கடதாசியில் புதுத் தூளும் பழையதும் பக்கத்துப் பக்கம், பகல் வெளிச்சத்தில். தூளே மஞ்சளென்றால் அறிகுறி 1க்குப் போங்கள். தூள் வெள்ளையாக இருந்து பொருள் மட்டும் மஞ்சளென்றால், நைதரசன் பாவிக்கும் மெசின்களில் சிலிண்டரின் அழுத்தம், குழாயின் பொருத்துகள், கதவு றப்பர் என்று அந்த வரிசையில் பாருங்கள். கதவு றப்பரில் தூள் படிந்திருப்பதே பல நேரம் காரணம், துடைத்தால் சரி.

மெசின் சாம்பல் நிறத் தூள் பாவிப்பதென்றால் இந்த அறிகுறியை நம்பவே வேண்டாம். டயோட் லேசரும் ஃபைபர் லேசரும் உள்ள சிறிய மெசின்களுக்கு வெள்ளை நைலான் அவற்றின் ஒளியைச் சரியாக உறிஞ்சாது, அதனால் கரிய நிறமி சேர்த்த தூள் வருகிறது. அதில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு அறிகுறி 1இல் சொன்ன மின் அவன் சோதனைதான் கண். காபனீரொட்சைட்டு லேசருக்கு வாங்கிய வெள்ளைத் தூளை மலிவாகக் கிடைத்தது என்று அந்த மெசின்களுக்குள் போடவும் வேண்டாம், உருகாது.

## அறிகுறி 3: தூள் அடுக்கு ஒழுங்காக விரியவில்லை, கோடு, கட்டி, வெற்றிடம்

வன்னியில் இந்தப் பழுதுக்குப் பருவகாலம் இருக்கிறது. ஐப்பசி தொடக்கம் தை வரை ஈரம், ஆனி ஆவணிச் சோளகத்தில் வரட்சியும் புழுதியும்.

### கோடு எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறதா?

தூளை விரிக்கும் பிளேட்டில் அல்லது ரோலரில் ஏதோ ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் விளிம்பில் வெட்டு விழுந்திருக்கிறது. மெசின் ஆறிய பிறகு நகத்தை விளிம்போடு ஓடவிடுங்கள், தடக்குமிடம் தெரியும். ஒட்டியதைத் துடைக்கலாம். வெட்டு விழுந்த பிளேட்டை உரசித் திருத்தாதீர்கள், மாற்றுங்கள்.

### கோடு இடம் மாறி மாறி வருகிறதா?

கட்டி உருளுகிறது. அரிதட்டைக் கழற்றி யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வலையின் சட்டத்தோடு ஒட்டிய ஓரத்தைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும், கிழிசல் பெரும்பாலும் நடுவில் தொடங்குவதில்லை. ஒரு சின்னக் கிழிசலும் ஒவ்வொரு அரிப்பிலும் கட்டிகளைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தூளின் துகள் சராசரி 60 மைக்ரோனுக்குக் கிட்ட, அடுக்கு 100 முதல் 120 மைக்ரோன். ஆகவே வலைக்கண் எவ்வளவு என்று மெசின்காரர் சொன்னாரோ அதையே போடுங்கள். வீட்டில் மா அரிக்கும் அரிதட்டு இதற்கு உதவாது, அதன் கண் பெரிது.

### மழை நாட்களில் மட்டும் தூள் பிசுபிசுத்து ஓடாமல் நிற்கிறதா?

நைலான் 12 மற்ற நைலான்களைவிட ஈரம் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் துகளின் மேற்பரப்பில் படியும் ஈரமே ஓட்டத்தைக் கெடுக்கப் போதும். அதிகம் நடப்பது இதுதான்: ஏசி அறையில் குளிர்ந்த பையைக் கொண்டுவந்து ஈரக் காற்றுள்ள கொட்டகையில் உடனே திறப்பார்கள். குளிர்ந்த தூளில் காற்றின் ஈரம் பனியாக இறங்கும். பையை மூடியபடி ஒரு இரவு அறையில் வைத்து, காலையில் திறவுங்கள். வாளிகளுக்கு இறுக்கமான மூடியும் சிலிக்கா ஜெல் பையும் போடுங்கள். அறையின் ஈரப்பதன் 40க்கும் 60க்கும் இடையில் நின்றால் நல்லது. ஈரத்தூளை முற்றத்தில் பாயில் பரப்பி வெயிலில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். புறஊதாக்கதிர் நைலானைக் கெடுக்கும், அதோடு வரும் மண்ணை எந்த அரிதட்டும் முழுதாகப் பிரிக்காது.

### கோடையில் தூள் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா?

நிலைமின். அரிதட்டு, பீப்பாய், மெசின் மூன்றும் எர்த்தில் இருக்கின்றனவா பாருங்கள். கம்பி போட்டிருப்பது மட்டும் போதாது. கோடையில் இங்கத்தைய மணலும் செம்மண்ணும் நன்றாகக் காய்ந்துவிடும், மாரியில் நன்றாக இருந்த எர்த் கம்பி ஆடியில் வேலை செய்யாது. மின்னியலாளரை அழைத்துக் கோடையில் ஒரு தடவை எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். இது தூள் ஒட்டும் பிரச்சினை மட்டுமில்லை. காற்றில் மிதக்கும் நைலான் தூசு ஒரு தீப்பொறியில் வெடித்து எரியக்கூடியது. அரிக்கும் அறையில் சிகரெட், கிரைண்டர், வெல்டிங் எதுவும் வேண்டாம். வீட்டு வக்குவம் கிளீனரால் தூளை இழுக்காதீர்கள், அதன் மோட்டார் பொறி விடும். தூசுக்கென்று செய்த, எர்த் உள்ள வக்குவம் தனியாக உண்டு. மூக்குக்கு எஃப்எஃப்பி2 அல்லது என்95 முகக்கவசம் கட்டுங்கள், துணி மாஸ்க் காணாது.

## அறிகுறி 4: பொருள் கையால் உடைகிறது, அடுக்கடுக்காகப் பிரிகிறது

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கிழட்டுத் தூள் பெரும்பாலும் முதலில் மேற்பரப்பைத்தான் கெடுக்கும், பலத்தை அல்ல. சங்கிலி நீண்டதால் பொருள் சில நேரம் இன்னும் வளைந்து கொடுக்கும். ஆகவே:

மேற்பரப்பு சொரசொரப்பு, ஆனால் வளைத்தால் உடையவில்லை: தூள் பழசு. அறிகுறி 1.

மேற்பரப்பு நல்ல வழுவழுப்பு, ஆனால் மெல்லிய சுவர் அடுக்கில் பிளக்கிறது: சூடு போதவில்லை. தூளை விட்டுவிட்டு மெசினைப் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்து வருகிறது: தூள் நன்றாகவே கெட்டுவிட்டது, அல்லது இரண்டு பழுதும் உண்டு. புதுத் தூள் சோதனை செய்யாமல் மேலே போகாதீர்கள்.

மெசின் பக்கத்தில் மலிவானதிலிருந்து: லேசர் ஒளி வரும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பாருங்கள். உருகும் தூளிலிருந்து எழும் ஆவி அதில் மெல்லிய படலமாகப் படியும். நேரே பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ரோச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் பால்நிறப் புகை தெரியும். மெசினை நிறுத்தி, ஆறவிட்டு, நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்து, ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியை எறியுங்கள். பழைய சேட்டுத் துணி கீறும். ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் முன் இதைச் செய்கிறவர்களிடம் இந்தப் பழுது அரிது.

அடுத்து பெட்டின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சரின் கண்ணாடி. அதிலும் தூள் படியும், படிந்தால் அது பிழையான வெப்பத்தைச் சொல்லும். அதையும் கையேட்டின்படி துடையுங்கள். இரண்டும் சுத்தம், புதுத் தூளிலும் பிளக்கிறது என்றால் அதுதான் ஆளை அழைக்கும் இடம். லேசரின் சக்தியை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கதவுப் பூட்டின் சுவிட்சை ஏமாற்றித் திறந்து வைத்து "எரிகிறதா" என்று பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் எடுத்துவிடும்.

பலம் பற்றி இன்னும் ஒன்று. செயற்கைக் காலின் பாகம், கைத்தாங்கியின் பிடி, சக்கர நாற்காலியின் இணைப்பு போன்ற வேலைகள் வன்னியில் வரும், ஏன் வருகின்றன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு மனிதர் தன் உடல் பாரத்தை நம்பி வைக்கும் பொருளுக்குச் சந்தேகமான தூளைப் போடாதீர்கள். அந்த வேலைக்கு விகிதம் எழுதிய, சோதனைத் துண்டு வளைத்துப் பார்த்த வாளி மட்டும். மிச்சத் தூளுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

## அறிகுறி 5: முதல் அடுக்குகளிலேயே ஓரம் மேலே வளைகிறது

பெட் குளிர்கிறது. நைலான் 12 ஏறத்தாழ 180 பாகையை அண்டி உருகும், ஆறும்போது ஏறத்தாழ 150க்குக் கீழே போனதும் கெதியாக இறுகும். பெட்டை இரண்டுக்கும் நடுவில், உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பிடித்து வைப்பதால்தான் பொருள் நேராக நிற்கிறது. மெசினுக்கு நேரே மின்விசிறியோ ஏசியோ ஊதுகிறதா பாருங்கள். சூடேற்றும் நேரத்தைக் குறைத்தீர்களா பாருங்கள். சென்சர் கண்ணாடியைத் துடையுங்கள். அப்புறம்தான் பெட் வெப்பம்: ஒரு தடவைக்கு ஒரு பாகை மட்டும் கூட்டி, சோதனைத் துண்டு அடித்து, எழுதி வையுங்கள். மூன்று பாகை கூட்டியும் வளைந்தால் நிறுத்துங்கள். ஹீட்டர் ஒன்று செத்திருக்கலாம், அது திருத்துநரின் வேலை.

கூட்டிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கப் பழுது வரும்: கேக் கல்லாக இறுகும், பொருளைச் சுத்தியலால் எடுக்கவேண்டி வரும், மிஞ்சிய தூளும் கெதியில் கிழடாகும். கேக் இறுகி வருகிறவர்கள் முதலில் ஒரு பாகை குறையுங்கள். பொருட்களை மிக நெருக்கமாக அடுக்கியிருந்தால் இடைவெளி விடுங்கள்.

## அறிகுறி 6: வெள்ளைப் பொருளில் கரும்புள்ளி, மின்னும் மணி, செந்நிறப் பொடி

கரும்புள்ளி பெரும்பாலும் ஹீட்டரைச் சுற்றிப் படிந்து கருகிய தூள் உதிர்ந்தது. ஆறிய மெசினைத் துடைத்தால் போகும். செந்நிறப் பொடி நம்முடைய மண், வாளியின் அடியோடு வந்தது. வாளியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள், மெசின் அறைக்குத் தனிச் செருப்பு வையுங்கள். காலபோக அறுவடை நேரம் பக்கத்து வயலில் மெசின் ஓடினால் அன்றைக்கு அரிக்காதீர்கள்.

மின்னும் மணி இருந்தால் விஷயம் வேறு. பொருளைச் சுத்தம் செய்யும் பெட்டியில் ஊதும் கண்ணாடி மணிகள் தூளோடு கலந்திருக்கின்றன. அந்தப் பெட்டியின் அடியில் சேரும் தூளை எந்தக் காரணத்துக்கும் திரும்பப் பாவிக்காதீர்கள். மணி கலந்த வாளிக்கு வைத்தியம் இல்லை, முழுதாக ஒதுக்குங்கள். ரோலரையும் பிளேட்டையும் கீறிய பிறகு வரும் செலவு அந்த வாளித் தூளின் விலையைவிட அதிகம்.

## அறிகுறி 7: பிரின்ட் நடுவில் கரண்ட் போனது

சில விநாடிகள், மெசின் தானாகத் தொடர்ந்தது: முடியட்டும். ஆனால் அந்த உயரத்தில் பொருளில் கோடு இருக்கும், பாரம் தாங்கும் பொருளாயின் அங்கே உடையும். விற்க வேண்டாம்.

மெசின் நின்றுவிட்டது: கதவைத் திறக்காதீர்கள். கரண்ட் வந்ததும் சூடேற்றித் தொடர முயலவும் வேண்டாம், இறுகிய அடுக்கின் மேல் அடுத்தது ஒட்டாது. மூடியபடி ஆறவிடுங்கள். தூள் வீணாகவில்லை. ஆனால் ஒரு முழுச் சூடு கண்டதாகவே அதைக் கணக்கில் எழுதுங்கள், எழுதாமல் விடும் சூடுகள்தான் பிறகு ஆரஞ்சுத் தோலாக வருகின்றன.

யூபிஎஸ் வாங்கும்போது மெசினின் சராசரி மின் தேவையைப் பார்க்காமல், ஹீட்டர்கள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் உச்சத்தைப் பாருங்கள். வெளியே வரும் அலை சுத்தமான சைன் அலையா என்றும் கேளுங்கள். ஜெனரேட்டர் பிடிக்கும் வரை தாங்கினால் போதும், மணிக்கணக்கில் தாங்கத் தேவையில்லை. வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் இடமென்றால் யூபிஎஸ்ஸுக்கு முன்னால் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

## ஒதுக்கிய தூளை என்ன செய்வது

முற்றத்தில் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். எரியும் நைலானிலிருந்து காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வரும். தடித்த பையில் இறுகக் கட்டி, உள்ளே என்ன என்று எழுதி, பிளாஸ்டிக் சேகரிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஓரளவு பழசான, மண்ணோ மணியோ சேராத தூள் என்றால் அளவுச் சட்டம், துளையிடும் வழிகாட்டி போன்ற பட்டறைச் சாமான்களுக்கு இன்னும் ஒரு சுற்று வரும்.

## ஆளை அழைக்கும்போது

லேசர் சக்தி, கண்ணாடிகளின் நேர், ஹீட்டர், வெப்பச் சென்சரின் அளவு சரிபார்ப்பு, இவை நான்கும் உங்கள் வேலை அல்ல. அழைக்க முன் மூன்று பொருட்களை எடுத்து வையுங்கள்: புதுத் தூளில் அடித்த சோதனைத் துண்டு, பழுதான கலப்பில் அடித்த அதே துண்டு, வாளியின் அட்டை. அட்டையில் பையின் தொகுதி எண், கலந்த திகதி, புதியதும் பழையதும் எத்தனை கிலோ, எத்தனை சூடு, ஒவ்வொரு சூடும் எத்தனை மணித்தியாலம், இவ்வளவும் இருந்தால் போதும். துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து, அட்டையின் படத்தோடு முதலே அனுப்பிவிடுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர் எந்த உதிரிப்பாகத்தை எடுத்து வண்டியில் போடவேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.